நோய்க்குப் பின் இருபது ஆண்டுகள்

ஐம்பது வயதைக் கடந்த வியாபாரி ஒருவருக்குப் புற்றுநோய் கண்டுவிட்டதென்றால், கடைச் சாவியை மகனிடம் கொடுத்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் அமர வேண்டியதுதான் என்று சுற்றத்தார் தாமாகவே தீர்மானித்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நோயின் பெயரைச் சொல்லவும் கூசி, ‘அந்த வியாதி’ என்று குரலைத் தாழ்த்திப் பேசும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. இதற்கு நேர்மாறாக, ஐம்பத்தெட்டாம் வயதில் புற்றுநோய் கண்டு, அதன் பின்னர் இருபது ஆண்டுகள் நூல்கள் எழுதியும் மாணவர்க்குப் போதித்தும் வாழ்ந்த தொழிலதிபர் ஒருவரைப் பற்றி இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். கணிப்பொறிகளின் மூளை எனத்தக்க நுண்செயலிகளைச் செய்யும் இன்டெல் நிறுவனத்தை நடத்திய ஆண்ட்ரூ குரோவ் என்பவரே அவர்.

அவர் பிறந்தது அமெரிக்காவிலன்று. 1936ஆம் ஆண்டில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் கண்ட செங்காய்ச்சல் அவருடைய செவிப்புலனைப் பெரிதும் குறைத்தது. 1944இல் நாஜிப் படைகள் நகரைப் பிடித்தபோது, தாயும் மகனும் பொய்ப் பெயர் பூண்டு நண்பர்களின் ஆதரவில் ஒளிந்து வாழ்ந்தனர். 1956ஆம் ஆண்டுப் புரட்சி அடக்கப்பட்டதும், இருபது வயது இளைஞராக எல்லையைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் புகுந்தார். அடுத்த ஆண்டு கப்பலேறி நியூயார்க் சேர்ந்தார். அந்நகரின் சிட்டி கல்லூரி அப்போது உள்ளூர் மாணவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. அங்கே ரசாயனப் பொறியியல் பயின்று 1960இல் பட்டம் பெற்றார்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவர் பெயர் மாறிய விதம் சுவையாகத் தோன்றுகிறது. தாய்மொழியில் அவர் ‘ஆந்த்ராஷ் கிரோஃப்’. ஹங்கேரிய மொழியில் ‘கிரோஃப்’ என்பது பிரபு பட்டத்தைக் குறிக்கும் சொல். அமெரிக்கர் வாயில் அதன் ஒலி சிதைவது கண்டு, ஏறக்குறைய அதே ஒலி தரும் ‘குரோவ்’ என்ற ஆங்கில எழுத்துக் கோவைக்கு மாறினார். ஆங்கிலத்தில் அதற்குத் தோப்பு என்று பொருள். பிரபு தோப்பானார்! வட நாட்டு அலுவலகங்களில் தம் பெயரும் தந்தையின் பெயரும் இடம் மாறி அழைக்கப்படுவதற்குப் பழகிப்போன நேயர்கள் இதனை எளிதில் உணர்வார்கள்.

1968இல் இன்டெல் தொடங்கியபோதே அதில் சேர்ந்து, 1987இல் அதன் தலைமை நிர்வாகியானார். 1994இன் இறுதியில் அந்நிறுவனத்தின் பென்டியம் செயலியில் கணக்குப் பிழை ஒன்று வெளிப்பட்டுப் பெரும் கூச்சல் எழுந்தது. பழுதானவற்றை மாற்றித் தருவதற்கென 47.5 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. ஏறத்தாழ இதே காலத்தில்தான், வழக்கமான இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் சற்று மிகுந்திருப்பதாக அவருக்கு அறிவிக்கப்பட்டது.

அந்த எண் எதைக் குறிப்பது? ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே அக்ரூட் கொட்டை அளவில் புராஸ்டேட் என்னும் சுரப்பி உண்டு. அது உண்டாக்கும் ஒரு புரதம் இரத்தத்தில் சிறிதளவு கலந்திருக்கும், பி.எஸ்.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். நான்கு வரை இருப்பது இயல்பு என்று அக்காலத்தில் கொள்ளப்பட்டது. அவருக்கு ஐந்து இருந்தது. வேறொருவராயின் ‘ஒன்றுதானே அதிகம்’ என்று விட்டிருக்கலாம். அவரோ மறுபடியும் இரத்தம் எடுத்து இரு வேறு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி, அளவுகோல் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். எண் ஆறாகியிருந்தது. தசைத் துணுக்கை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் உறுதியாயிற்று.

இதன் பின்னர் அவர் செய்ததே நம் கவனத்துக்குரியது. அறுவை மருத்துவர் அறுவையே சிறந்தது என்றார். கதிர்வீச்சு மருத்துவர் கதிர்வீச்சையே பரிந்துரைத்தார். அவரவர் துறை அவரவருக்குப் பெரிதாகத் தோன்றுவதில் வியப்பில்லை. குரோவ் மருத்துவ ஏடுகளைத் திரட்டி இரவுதோறும் படித்தார். எந்தச் சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுகளில் நோய் திரும்பியது என்பதைத் தாமே வரைபடமாக்கி ஒப்பிட்டார். இறுதியில், மெல்லிய குழல்களின் வழியே கதிரியக்கப் பொருளைச் சுரப்பிக்குள் செலுத்திச் சிறிது நேரம் நிறுத்தி, மீண்டும் வெளியே எடுத்துவிடும் முறையைத் தேர்ந்து, 1995இல் சியாட்டில் நகரில் அதனைச் செய்துகொண்டார். பின்பு சில வாரங்கள் வெளியிலிருந்து கதிர்வீச்சும் பெற்றார். அலுவலை விட்டு நெடுநாள் விலகவில்லை.

1996 மே மாதத்தில் ஃபார்ச்சூன் என்ற வாணிகப் பத்திரிகையில் இவ்வனுபவம் முழுவதையும் தம் பெயரிலேயே வெளியிட்டார். நிறுவனத் தலைவரின் உடல்நலம் பங்குச் சந்தையையே அசைக்கக்கூடிய நாட்டில் இது துணிவான செயல் என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் ஒரு எச்சரிக்கை கூற வேண்டும். பி.எஸ்.ஏ. எண் மிகுவதற்குச் சுரப்பியின் சாதாரண வீக்கமும் கிருமித் தொற்றும்கூடக் காரணமாகலாம். முதியவர்க்கு வரும் இவ்வகைப் புற்றில் பல மிக மெதுவாக வளர்வன. அவற்றை உடனே தாக்காது, கால இடைவெளியில் சோதித்துக் கண்காணிப்பதே போதுமென்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. யாவரும் இச்சோதனை செய்துகொள்ள வேண்டுமா என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. அவர் தேர்ந்தது அவருடைய நோய்க்கு. நம்முடையதற்கு நம் மருத்துவரே வழி கூற வேண்டும். தவிர, நம் நாட்டு ஆடவரிடையே மிகுந்திருப்பது வாய்ப் புற்றுநோய். ஊரிலிருந்து கொண்டுவந்த புகையிலைப் பழக்கத்தோடு இங்கே கைனியையும் குட்காவையும் சேர்த்துக்கொண்டவர்கள், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால் ஏடுகளைத் தேட வேண்டியதில்லை. மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டினால் போதும். பம்பாயில் 1941இல் தோன்றிய டாடா நினைவு மருத்துவமனையும், சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையமும் இப்பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டுள்ளன.

சிகிச்சைக்கு அடுத்த ஆண்டிலேயே, தொழிலில் ஏற்படும் பெருந்திருப்பங்களைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. 1997இல் டைம் பத்திரிகை அவரை அவ்வாண்டின் மனிதராகத் தேர்ந்தது. 1998இல் நிர்வாகப் பொறுப்பை விட்டார். ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் முன்பே தொடங்கியிருந்த வகுப்பை விடவில்லை. 2000இல் நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோய் கண்டது. அதையும் ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு, மருந்து ஆராய்ச்சி ஏன் இத்தனை மெதுவாக நகர்கிறது என்று விஞ்ஞானிகளை விடாது வினவினார். அவ்வாராய்ச்சிக்குப் பொருளும் வழங்கினார். தமக்குக் கட்டணமின்றிக் கல்வி தந்த சிட்டி கல்லூரிக்கு 2005இல் 2.6 கோடி டாலர் அளித்தார். அதன் பொறியியல் பிரிவு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2016 மார்ச் 21ஆம் நாள், எழுபத்தொன்பதாம் வயதில் காலமானார்.

இப்பிற்காலப் பணிகளுள் நாம் மிகவும் மதிப்பது 2001இல் வெளிவந்த தன்வரலாறு. ‘நீந்திக் கடத்தல்’ என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். வாழ்க்கை ஓர் ஏரி, அதில் இறங்கும் பிள்ளைகள் எல்லோரும் அக்கரை சேர்வதில்லை, இவன் சேர்வான் என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில் சொன்னதிலிருந்து பிறந்த தலைப்பு அது. கோடிகளைச் சேர்த்த கதையை அந்நூலில் தேடுவோர் ஏமாறுவர். ஏறக்குறைய முழுவதும் புடாபெஸ்டின் தெருக்களும், தாயின் பதைப்பும், எல்லை கடந்த இரவும், அமெரிக்காவில் கழிந்த முதல் ஆண்டுகளுமே. ஹங்கேரிக்குத் தாம் ஒருமுறையேனும் திரும்பிச் சென்றதில்லை என்று அதன் முடிவில் எழுதுகிறார்.