பார்லர் போத்தலா, கடைப் போத்தலா?

துறைமுகத்து உப்புக் காற்றில் முடி வரண்டு போகிறது என்று திருகோணமலைப் பெண்கள் குறைப்படுவது நியாயமே. முடியைக் கண்ணியமாகப் பேணும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்திருக்கிறார்கள். வீண்விரயத்தையோ குர்ஆன் தடுக்கிறது. அப்படியானால் பார்லரில் விற்கும் விலையுயர்ந்த போத்தலா, கடையில் தொங்கும் ஷாம்பூ பக்கெட்டா?

பிரான்சின் லோரியால் கம்பனி 1909இல் பாரிஸ் சிகை அலங்கரிப்பாளர்களுக்குச் சாயம் விற்றுத் தொடங்கியது. இன்று பார்லருக்குக் கெராஸ்டாஸ், கடைக்குக் கார்னியர். இரண்டும் அதே கம்பனியுடையவை! நம் நாட்டு ஹேமாஸின் குமாரிகா எண்ணெய் சில்லறைக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக மட்டமாகிவிடுமா? 'புரொஃபெஷனல்' என்ற சொல் எங்கே விற்பது என்பதைத்தான் முதலில் சொல்கிறது. கணவரின் உழைப்பைக் கொடுக்கு முன், போத்தலின் பின்பக்கத்துச் சேர்மானங்களை ஒப்பிட்டு வாசியுங்கள்.

சாயமும் முடி நிமிர்த்தும் மருந்தும் வேறு விடயம். அவற்றுக்குக் கைதேர்ந்தவர் வேண்டும். அங்கும் விசாரியுங்கள். சில கெராட்டின் மருந்துகளில் சூடு பட்டதும் ஃபோர்மல்டிஹைட் ஆவி எழும். 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்காக ஒரு தயாரிப்பாளரை எச்சரித்தது. கண் எரிந்தால், மணப்பெண்ணாக இருந்தாலும் சரி, உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.