உங்களுக்குத் தெரியுமா? கான்கிரீட் காலில் நிற்கும் வீடுகள்

★ வீடு என்றால் வானம் தோண்ட வேண்டும், பிசிசி போட வேண்டும், பில்லர் எழுப்பி பெல்ட் கட்ட வேண்டும் என்பது நம்மூர் வழக்கம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் நியூசிலாந்திலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் பழைய மரவீடுகள் பலவற்றுக்கு இந்த வேலை எதுவுமே நடக்கவில்லை. சில அடிக்கு ஒன்றாகக் குட்டைக் கால்களை நட்டு, அதன்மேல் உத்திரங்களைக் கிடத்தி, வீட்டை மேலே எழுப்பிவிட்டார்கள். முதலில் நட்டவை மரக்கால்கள். அவை உளுத்துப்போனதும் அதே இடத்தில் கான்கிரீட் கால்கள் வந்தன. வீட்டை ஜாக்கியில் தாங்கிக்கொண்டு பழைய காலை உருவிப் புதுக் காலைச் செருகுவது அங்கே ஒரு தனித் தொழில். பட்டறையில் அச்சில் வார்த்து, தண்ணீர் காட்டிப் பதமாக்கி, லாரியில் வந்து இறங்கும் கால்களைத்தான் ‘ப்ரீகாஸ்ட்’ என்கிறார்கள். நம் பக்கத்து ரெடிமேட் காம்பவுண்டு சுவரின் கம்பங்கள் இதற்குப் பங்காளி முறை.

★ அமெரிக்க ஹார்டுவேர் கடைகளில் சிமெண்ட் மூட்டைகளோடு இந்தக் கால்கட்டைகளும் அடுக்கிக் கிடக்கும். அடி அகலம், தலை குறுகல். தலையில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் மரச்சட்டம் அப்படியே உட்காரும். ஓர் ஆள் தூக்கிவிடலாம். தோட்டத்து மேடைக்கும் கருவிகள் போட்டுவைக்கும் கொட்டகைக்கும் அது தாராளம். வீட்டுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. மண்ணில் பதியும் அடிப்பரப்பு போதாது.

★ எவ்வளவு இருந்தால் போதும்? ஒரு சதுர மீட்டருக்கு 10 டன் தாங்கும் சுமாரான மண் என்று வைத்துக்கொள்வோம். 45 சென்டிமீட்டர் சதுரமான ஃபூட்டிங், அதாவது அடிப்பலகை, அந்த மண்ணில் சுமார் 2 டன் தாங்கும். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் மட்டும் கூட்டி 60 ஆக்கினால் 3.6 டன். கான்கிரீட்டின் தரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த எண் நகராது. சாதாரண எம்20 கான்கிரீட் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ வரை நசுங்காமல் நிற்கும். அதே அளவுக்கு அடியிலுள்ள மண் தாங்குவதோ 1 கிலோ. ஆகவே செலவைக் கலவையில் கொட்டுவதைவிட அகலத்தில் போடுவது நல்லது.

★ 60 சென்டிமீட்டர் சதுரம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் அந்த ஒரு பலகையே 130 கிலோ வரும். அடிப்பலகை தனி, மேலே நிற்கும் கால் தனி என்று இரண்டு துண்டாக வார்ப்பது இந்த எடைக்குப் பயந்துதான். சில ஊர்களில் காலை மட்டும் வாங்கி வந்து, குழியில் ஈரக் கான்கிரீட்டை ஊற்றி அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள்.

★ இந்தக் கால்கள் நம்மூர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாங்குமா? 3 மீட்டர் உயரச் சுவரில் ஒரு மீட்டர் நீளத்தின் எடையே சுமார் 1.3 டன். கூரை, தளம், அதன்மேல் வைக்கும் தண்ணீர் டேங்க் எல்லாம் தனிக்கணக்கு. கால்களுக்கு மேல் கம்பி கட்டிய பெல்ட் ஓடாமல் சுவர் எழுப்பினால், நடுவில் விரிசல் விட்டே தீரும். மரவீடும் இரும்புச் சட்ட வீடும் இந்த ஏற்பாட்டுக்குப் பொருந்துவதற்குக் காரணம் அவற்றின் எடை குறைவு என்பதுதான்.

★ அடுத்தடுத்த இரண்டு கால்களில் ஒன்று மட்டும் அமுங்கினால் எவ்வளவு வரை பொறுக்கலாம்? பொறியாளர்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல், இடைவெளியில் 300-ல் ஒரு பங்கு. 3 மீட்டர் தள்ளி நிற்கும் கால்களுக்கு 10 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் பூச்சில் கீறல் தெரியும், கதவு நிலையில் இடிக்கும். எல்லாக் கால்களும் ஒன்றுபோல ஓர் அங்குலம் இறங்கினால் வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது.

★ ‘எங்கள் வீட்டில் ப்ரீகாஸ்ட் எதுவும் கிடையாது’ என்பவர்கள், வீடு கட்டியபோது ஃபூட்டிங் கம்பிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க வேண்டும். கம்பி மண்ணில் படாமல் தூக்கி நிறுத்துவதற்கு வைக்கும் கவர் பிளாக் உள்ளங்கைக்குள் அடங்கும் ப்ரீகாஸ்ட் துண்டு. ஃபூட்டிங்கில் கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே குறைந்தது 50 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. அவசரத்தில் ஜல்லித் துண்டைச் செருகுகிற மேஸ்திரிகளும் உண்டு. கான்கிரீட் கொட்டும்போது ஆள் மிதித்தால் ஜல்லி உருண்டுவிடும், கம்பி தரையில் படுத்துவிடும். பிறகு துருப்பிடித்தால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?

★ அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஃபூட்டிங் வடபகுதியில் 60 அங்குலம், தென்பகுதியில் 42 அங்குலம் ஆழத்துக்குப் போயாக வேண்டும். குளிர்காலத்தில் மண் உறைந்து மேலே எழும்பும் என்பதால் இந்த விதி. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பருக்கும், அதனால்தான் மண் எழும்புகிறது என்று கேட்ட உடனே சொல்லிவிடுவோம். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்க நிலவியலாளர் அதை நம்பாமல் சோதித்துப் பார்த்தார். தண்ணீருக்குப் பதிலாக பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். ஆனாலும் மண் எழும்பியது! 1930-ல் வெளியான அவருடைய ஆய்வுக்குப் பிறகுதான் விஷயம் தெளிந்தது. உறைகிற மட்டத்தை நோக்கிக் கீழிருந்து ஈரம் ஊறிக்கொண்டே வருகிறது, வந்த ஈரமெல்லாம் பாளம் பாளமாகப் பனிக்கட்டி ஆகிறது, அந்தப் பாளங்கள்தான் மேலே உள்ள மண்ணையும் வீட்டையும் நெம்புகின்றன. ஈரம் ஊறாத பருமணலில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

★ அதில் இன்னொரு வம்பு. கால் போதிய ஆழத்துக்குப் போயிருந்தாலும், உறைந்த மண் அதன் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்து உருவப் பார்க்கும். அடிப்பாகம் அகலமாக இருந்தால் அது நங்கூரம் போல மாட்டிக்கொண்டு வர மறுக்கும்.

★ அமெரிக்க வீட்டு விதிகளில் ஒரு வேடிக்கை: வீட்டைத் தொடாமல் தனியாக நிற்கும் மரமேடைக்கு இந்த ஆழக் கணக்கு தேவையில்லை, தரைமேல் கட்டை வைத்தால் போதும். அதே மேடையை வீட்டுச் சுவரோடு இணைத்தால் ஆழமாகத் தோண்டியாக வேண்டும். காரணம் நியாயமானது. தனி மேடை குளிருக்கு ஏறி வெயிலுக்கு இறங்கிக்கொள்ளும், யாருக்கும் நஷ்டமில்லை. இணைத்த மேடை ஏறினால் வீட்டுக் கதவு திறக்காது.

★ சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் நிலைமை தலைகீழ். அங்கே மண் உருகக்கூடாது. 1828-ல் ஷெர்கின் என்ற வணிகர் அங்கே கிணறு வெட்டத் தொடங்கினார். 1837 வரை வெட்டி 116 மீட்டர் போன பிறகும் உறைந்த மண்தான் வந்ததே தவிர தண்ணீர் வரவில்லை. கைவிட்டார். அந்தப் பாழுங்கிணறு அறிவியலாளர்களுக்கு வாய்த்தது; நிரந்தரமாக உறைந்த நிலத்துக்குள் ஆழத்தில் எவ்வளவு வெப்பம் என்று முதன்முதலாக அளந்தது அதில்தான். இன்று அந்த நகரில் மாடிக் கட்டடங்கள் ப்ரீகாஸ்ட் கான்கிரீட் தூண்களில் நிற்கின்றன. உறைந்த மண்ணில் துளை போட்டு, தூணை இறக்கி, சுற்றிலும் மண்குழம்பை ஊற்றுவார்கள். குழம்பு உறைந்ததும் தூண் அசையாது. தரைத்தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று போய்வர இடம் விட்டிருப்பார்கள். வீட்டுக்குள் மூட்டும் கதகதப்பு அடிமண்ணுக்குப் போய்ச் சேர்ந்தால் வீடே புதைந்துவிடும் அல்லவா? குளிர்காலக் காற்று அடியில் புகுந்து மண்ணை மறுபடி இறுக்கிவிட்டுப் போகும்.

★ அந்த உறைநிலத்துக்கும் இப்போது உத்தரவாதம் இல்லை. 2020 மே மாதம் ரஷ்யாவின் நோரில்ஸ்க் அருகே ஒரு டீசல் தொட்டியின் அடித்தாங்கல் இறங்கி, தொட்டி கிழிந்து, சுமார் 20,000 டன் டீசல் வெளியேறியது. நிலம் உருகியதுதான் காரணம் என்றது நிறுவனம். அடித்தூண்களைக் கட்டியதிலேயே குறை இருந்தது என்றது அரசின் விசாரணை.

★ நம்மூருக்கு வருவோம். கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசல் மழைக்குப் பருத்துக் கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். ‘லேசான வீடுதானே, எதற்கு ஆழம்?’ என்று அங்கே கேட்டுவிடாதீர்கள். கனத்த கட்டடத்தின் எடை மண்ணின் உப்பலை ஓரளவு அமுக்கி வைக்கும். லேசான வீட்டைத்தான் மண் சுலபமாகத் தூக்கும். இதற்காக ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த முறையில், ஆழமாகத் துளைபோட்டு, அடியில் குமிழ் போலக் குடைந்து கான்கிரீட் நிரப்புகிறார்கள். குமிழின் அகலம் வழக்கமாகத் தண்டைப்போல இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீட்டர் நீளம் வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறி இறங்கும் மண்ணைத் தாண்டி அசையாத மண்ணில் குமிழ் மாட்டிக்கொள்ளும். மேலே ஓடும் பெல்ட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் மூன்று அங்குலம் போல இடைவெளி விடவேண்டும், மண் உப்பினால் அந்த இடத்துக்குள் உப்பிக்கொள்ளட்டும் என்று. ஊருக்கு ஊர் மேஸ்திரிகள் அடைத்து மூடிவிடுவது அந்த இடைவெளியைத்தான்! இந்தக் குமிழைப் பட்டறையில் வார்த்துக் கொண்டுவர வழியில்லை, இடத்திலேயே செய்தாக வேண்டும். கரிசலில் ரெடிமேட் கால் விற்க வருபவரிடம் இதை முதலில் கேளுங்கள்.

★ சென்னை எழும்பூரின் ஆண்ட்ரூஸ் தேவாலயம் 1821-ல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் தாமஸ் டி ஹேவிலேண்ட் என்ற ராணுவப் பொறியாளர். இளகிய மண் என்பதால், மண்ணுக்குள் கிணறு கிணறாக இறக்கி அவற்றின்மேல் அந்தக் கோபுரத்தையும் வட்டக் கூடத்தையும் நிறுத்தினார். இன்றைக்கும் நிற்கிறது.

★ குயின்ஸ்லாந்து வீடுகளில் ஒவ்வொரு காலின் தலையிலும் தகரத் தொப்பி கவிழ்த்திருக்கும், ஓரம் கீழ்நோக்கி வளைந்திருக்கும். கரையானுக்காக வைப்பது. ஆனால் அந்தத் தொப்பி கரையானைத் தடுத்துவிடாது, கொல்லவும் கொல்லாது. காலுக்குள்ளேயே மறைந்து மேலேறும் வழியை மட்டும் அடைக்கும். மரத்தை எட்ட வேண்டுமானால் கரையான் தகரத்தின் வெளி ஓரத்தைச் சுற்றி மண்குழாய் கட்டியாக வேண்டும். அப்போது வீட்டுக்காரர் கண்ணில் பட்டுவிடும். டார்ச் அடித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் வீட்டில் அந்தத் தொப்பி வெறும் அலங்காரம்.

★ 1900 செப்டம்பரில் அமெரிக்காவின் கால்வெஸ்டன் தீவைப் புயல் வாரிக்கொண்டு போனது. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். பிறகு அந்த ஊர்க்காரர்கள் கடலோரம் சுவர் எழுப்பியதோடு நிற்காமல் ஊரின் தரையையே உயர்த்தினார்கள். 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் தூக்கி, அடியில் மணல் குழம்பைப் பாய்ச்சினார்கள். 3,000 டன் எடையுள்ள புனித பேட்ரிக் தேவாலயத்துக்கு மட்டும் 700 ஜாக்கிகள். காலில் நிற்கும் மரவீடுகளுக்கு இந்தப் பாடு இல்லை. ஜாக்கி வைக்க அடியில் ஏற்கெனவே இடம் இருந்தது. ரோடு உயர உயர வீடு பள்ளமாகிப்போன சென்னைவாசிகள் இன்று ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அவர்களுக்குச் சுவரடியை உடைத்து ஜாக்கி நுழைக்கிற வேலையே பெரும் வேலை.

★ 2011 பிப்ரவரி 22-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் நடந்த பூகம்பத்தில் பல வட்டாரங்களில் ஈரமணல் குழம்பாகி வீடுகள் சாய்ந்தன. கான்கிரீட் தளம் போட்ட வீட்டை நேராக்குவது பெரும்பாடு. மரத்தளமும் கால்களும் உள்ள வீட்டை, அடியில் ஆள் நுழைந்து தூக்கி, காலுக்கும் உத்திரத்துக்கும் நடுவே கட்டை செருகி மட்டப்படுத்த முடிந்தது. நிபந்தனை ஒன்று: உத்திரம் காலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் குலுக்கலில் வீடு காலைவிட்டு இறங்கிவிடும்.

★ காற்றுக்கும் அதே கதை. 1974 கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரைத் தாக்கிய டிரேசி புயலுக்குப் பிறகு எடுத்த படங்களைப் பாருங்கள். கால்கள் வரிசையாக நிற்கும், மேலே தரைப்பலகையும் இருக்கும், சுவரும் கூரையும் இருக்காது. அதன் பிறகு கூரையிலிருந்து கால் வரைக்கும் இரும்புக் கம்பியால் தொடர்ச்சியாகப் பிணைக்க வேண்டும் என்பது அங்கே கட்டாயமாயிற்று. நூறு கிலோ கால் அப்போது வீட்டைத் தாங்குவதோடு கீழே இழுத்துப் பிடிக்கவும் செய்கிறது.

★ பண்ணை வீட்டுக்கு ஆசைப்பட்டு ரெடிமேட் கேபினோ கண்டெய்னர் வீடோ இறக்குகிறவர்கள் நம்மூரிலும் பெருகிவிட்டார்கள். ஹாலோ பிளாக்கைப் படுக்கவைத்து அதன்மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஹாலோ பிளாக்கின் துளை மேல்கீழாக நிற்கவேண்டும், அப்போதுதான் அதன் சுவர்கள் எடையை வாங்கும். துளை பக்கவாட்டில் தெரிந்தால் நடுச்சுவர் நொறுங்கிவிடும். அதைவிட, துளையில்லாத கெட்டிக் கான்கிரீட் கட்டையே மேல். மேல்மண்ணை வழித்துவிட்டு, அரை மீட்டராவது தோண்டி, கெட்டி மண்ணில் அடிப்பலகையைப் பதியுங்கள். நிரவிய புதுமண்ணில் வேண்டாம். மழைநீர் கேபினுக்கு அடியில் தேங்காமல் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். முதல் ஐப்பசி மழை ஓய்ந்ததும் டியூப் லெவல் பிடித்துப் பாருங்கள். எந்த மூலை இறங்கியிருக்கிறதோ அங்கே ஜாக்கி வைத்து ஒரு தகடு செருகினால் வேலை முடிந்தது.