பிழைச் செய்திக்கு எத்தனை மதிப்புகள்?

ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றின் ரப்பர்ப் பால் எடைக் கணக்கை சி மொழியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். "கோப்பு இல்லை" என்ற செய்திக்குக் கோப்பின் பெயர் போதும். "வரி 42: எடை 3100 கிலோ, வரம்பு 310" என்பதற்கோ மூன்று எண்கள் வேண்டும். ஒரே செயற்கூறு இரண்டையும் எப்படிச் சமாளிக்கிறது?

அளபுருப் பட்டியலின் கடைசியில் மூன்று புள்ளிகள் இடவேண்டும். 'விஏ_ஸ்டார்ட்' பட்டியலைத் திறக்கும், 'விஎஃப்பிரிண்ட்எஃப்' வடிவச் சரத்தைப் படித்து, மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அச்சிடும், 'விஏ_எண்ட்' முடித்துவைக்கும். 1989-இல் வந்த சி தரத்திலேயே இவை உண்டு.

ஏன் கவனம் வேண்டும்? எத்தனை மதிப்புகள் வந்தன, என்ன வகை என்பது செயற்கூற்றுக்குத் தெரியாது. வடிவச் சரத்தையே நம்பும். எண்ணைச் சரமென்று குறித்தால் நிரல் பாதியில் நின்றுபோகலாம். ஆகவே ஜிசிசி தொகுப்பியில் உங்கள் செயற்கூற்றுக்கு 'ஃபார்மட்' பண்பைச் சேர்த்து, எச்சரிக்கைகளை இயக்கி வையுங்கள்.