டோக்கன் போச்சு... நான் போகலை!

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பாடு. வடை, பாயசம் எல்லாம் இருந்தது. அவள் பையன் முகத்தில் மட்டும் களை இல்லை. தரமணியில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான்.

"என்னடா, பொண்ணு பார்த்துட்டு வந்தியா?" என்றேன்.

"போங்க மாமா! ஆபீஸ்ல ஏ.ஐ. கொண்டு வந்துட்டாங்க. நான் மூணு நாள் முக்கி முனகிப் பண்ற ரிப்போர்ட்டை மூணு நிமிஷத்துல துப்புது. அடுத்த தீபாவளிக்கு அங்கே இருப்பேனான்னே தெரியலை."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இதே வசனத்தை, இதே மூஞ்சியோடு நானும் பேசியவன்தானே! கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1981-ல் ஒரு அரசுடைமை வங்கியின் கும்பகோணம் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பணம் எடுக்க வந்தால் கையில் பித்தளை டோக்கன் கொடுப்போம். லெட்ஜர் ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம்.

சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடுவது தனிக் கலை. மாசத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் வட்டி. பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடணும். அரையாண்டுக் கணக்கு முடிக்கிற ராத்திரியில் திடீரென்று ஒரு குரல் கேட்கும்: "சார், ஏழு பைசா உதைக்குது!" ஏழு பைசாவைத் தேட எட்டுப் பேர், போண்டா செலவு எழுபது ரூபாய். உதைக்கிற பைசாவை மோப்பம் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு.

வங்கிகளில் மெஷின் வைக்கச் சொல்லி 1984-லேயே ரங்கராஜன் கமிட்டி சிபாரிசு செய்தது. 1993-ல் யூனியன்களோடு ஒப்பந்தம் வந்தது. எங்கள் கிளைக்கும் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. மேனேஜருக்கு ஃபேன், அதற்கு ஏ.சி. ரூம்! செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். ஆயுத பூஜைக்கு மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தோம். கும்பிட்டதோடு சரி, நான் கிட்டே போகவே இல்லை. "எனக்கு ஏ.சி. ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டேன். ஒத்துக்கொள்ளாதது ஏ.சி. இல்லை.

2000-ல் வி.ஆர்.எஸ். வந்தது. 15 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது ஆனவர்கள் போகலாம். சர்வீஸ் போட்ட வருஷம் ஒவ்வொன்றுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மிச்சமிருக்கும் சர்வீஸுக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது கையில். அரசு வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். எனக்கு வயது 41, சர்வீஸ் 19. ஃபாரத்தைப் பூர்த்தி செய்து மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "பணம் வேணும்னு போறீங்களா, பயந்துக்கிட்டுப் போறீங்களா?"

பதில் வரவில்லை. ஃபாரம் குப்பைக்கூடைக்குப் போனது.

மறுநாள் செருப்பைக் கழற்றினேன். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள், சொல்லிக் கொடுத்தாள். எலியை நான் பிடித்த பிடியைப் பார்த்து, "சார், அது கடிக்காது" என்றாள். கிளையே சிரித்தது. காது சுட்டது. ஆனாலும் அடுத்த நாளும் போனேன்.

ஆறு மாசம் கழித்து ஒரு விவசாயி நகைக் கடனைத் திருப்ப வந்தார். மெஷின் வட்டி காட்டியது. தொகையைப் பார்த்ததுமே எனக்கு உதைத்தது. உள்ளே போய்ப் பார்த்தால், 13.5 சதவிகிதம் என்பதை யாரோ 31.5 என்று அடித்திருக்கிறார்கள்! மெஷின் கணக்கில் தப்பே இல்லை. தப்பான எண்ணுக்கு ரொம்பச் சரியாகப் பெருக்கிக் கொடுத்திருக்கிறது. அந்த மனுஷர் மடியை அவிழ்த்துப் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். கையைப் பிடித்து நிறுத்தினேன். லெட்ஜரோடு போச்சு என்று நினைத்த என் மோப்பம் அன்றைக்குத்தான் நிஜமாக வேலை செய்தது.

2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குக்குத் தினசரி இருப்பின் மேல் வட்டி என்றாக்கினார்கள். ஜனங்களுக்கு லாபம். கையால் போடச் சொல்லியிருந்தால் எங்களை ஆம்புலன்ஸில்தான் அள்ளியிருக்கணும்! 2019-ல் முழு சர்வீஸோடு மாலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

எல்லாருமே தப்பித்தோம் என்று பொய் சொல்ல மாட்டேன். லெட்ஜர் எழுதுகிற வேலை போனது போனதுதான். பக்கத்து சீட் நண்பர் வி.ஆர்.எஸ். வாங்கினார். வீடு கட்டினார், குறையில்லை. ஆனால் ரொம்ப நாள் வரை காலையில் கிளைக்கு வந்து, கஸ்டமர் பெஞ்சில் உட்கார்ந்து, எங்களோடு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்.

மருமகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்:

"ஆபீஸில் அந்த ஏ.ஐ.யை முதல்ல தொடுற ஆள் நீயா இரு. சின்னப் பையன் சொல்லித் தந்தாலும் கத்துக்கோ. அது துப்பற ரிப்போர்ட்டை ஒரு மாசம் கையால் சரிபார். எங்கே உதைக்குதுன்னு உனக்குத் தெரியணும். அந்த எண்களுக்குப் பின்னாடி யார் இருக்காங்கன்னு போய்ப் பேசு. புது பைக்கைத் தள்ளிப் போடு. ஆறு மாசச் சம்பளத்தை முதல்ல பாங்க்ல போடு. பயமும் இ.எம்.ஐ.யும் ஒரே வீட்ல இருந்தா புத்தி வேலை செய்யாது."

தலையாட்டினான். பாயசம் இரண்டாம் தடவை உள்ளே போனது. நல்ல அறிகுறி!

கிளம்பும்போது வாசல் வரை வந்தான். "மாமா, அந்த ஏழு பைசா கிடைச்சுதா?"

"கிடைச்சுது. விடியற்காலை நாலு மணிக்கு. 1-ஐ 8-னு எழுதியிருந்தாங்க."

"யாரு?"

செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டேன்.