ஷெப்பர்ட் திரும்பி வருவாரா? சிட்டி வந்த மாதிரி அவ்வளவு சுலபமில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டின் மூன்று பாகங்களுடைய முடிவும் இதில் வருகிறது. இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால், முடித்துவிட்டு வந்து படியுங்கள். விளையாடும் உத்தேசமே இல்லாதவர்கள் தாராளமாகத் தொடரலாம். கேள்வி கதை சொல்வதைப் பற்றியது, விளையாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012-ல் மூன்று பாகங்களாகக் கொண்டுவந்த விண்வெளிக் கதை இது. நாயகர் பெயர் ஷெப்பர்ட், விண்கலத் தளபதி. ஆணா பெண்ணா, முகம் எப்படி, கருணை உள்ளவரா கறார் பேர்வழியா, எல்லாமே நம் இஷ்டம். (தமிழில் 'அவர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் மார்க் மீர், ஜெனிஃபர் ஹேல் என்று இரண்டு பேரை வைத்து வசனம் முழுவதையும் இரண்டு தடவை பதிவு செய்தார்கள்.) முதல் பாகத்தில் எடுத்த முடிவுகள் சேமித்த கோப்பு வழியாக இரண்டாவதுக்கும், அங்கிருந்து மூன்றாவதுக்கும் போகும். அடுத்த பாகம் தயாராகிறது என்று 2020-ல் அறிவிப்பு வந்த நாளிலிருந்து ரசிகர்கள் கேட்பது ஒன்றைத்தான்: ஷெப்பர்ட் வருவாரா?

'அதான் செத்துட்டாரே' என்பது பதில் இல்லை. இரண்டாம் பாகம் ஆரம்பமாவதே அவர் சாவதில்தான். விண்கலம் உடைந்து, மூச்சு முட்டி, ஒரு கிரகத்தில் போய் விழுகிறார். செர்பெரஸ் என்ற அமைப்பு இரண்டு வருஷம் பாடுபட்டு அவரைப் பிழைக்க வைக்கிறது. யாரும் முணுமுணுக்கவில்லை. காரணம், அந்தச் சாவு எல்லோருக்கும் பொது. நீங்கள் என்ன தேர்ந்தெடுத்திருந்தாலும் அது நடக்கும், அவர் எழுந்ததும் எல்லோருக்கும் நடந்தது.

நம்ம ஊர் சிட்டியை நினைத்துப் பாருங்கள். 'எந்திரன்' (2010) முடிவில் கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறது. '2.0' (2018) வந்தபோது மறுபடி மாட்டி எழுப்பினார்கள். தியேட்டரில் இருந்த அத்தனை பேரும் பார்த்தது ஒரே முடிவு, அதனால் தொடர்வதும் ஒரே இடத்திலிருந்துதான். 'பொன்னியின் செல்வன்' முடிந்த பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். கல்கி விட்ட இடம் எது என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. வாசகர் பாதிப் பேருக்கு வந்தியத்தேவன் உயிரோடும் மீதிப் பேருக்கு இறந்தும் போயிருந்தால், விக்கிரமன் பேனாவை எடுத்திருப்பாரா?

ஆக, செத்தவரை எழுப்புவது பெரிய வேலை இல்லை. நாலு விதமாக முடிந்த கதைக்கு ஒரே ஐந்தாவது அத்தியாயம் எழுதுவதுதான் கஷ்டம்.

பொதுவாக இந்த வகை விளையாட்டுகள் பிரிவதுபோல் போக்குக் காட்டிவிட்டுச் சேர்ந்துகொள்ளும். பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி நங்கநல்லூருக்குள் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் புகுந்து புறப்படுங்கள், கடைசியில் 32 அடி ஆஞ்சநேயர் முன்னால் வந்து நிற்கலாம். வழியில் பார்த்தது வேறு, சேர்ந்த இடம் ஒன்று. ஒவ்வொரு பிரிவையும் கடைசி வரை தனியாக ஓட்டினால் வசனம், நடிப்பு, காட்சி எல்லாம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும், அதில் முக்கால்வாசியை எந்த ஒரு ஆட்டக்காரரும் பார்க்கவே மாட்டார்.

மூன்றாம் பாகத்தில் பயோவேர் இதைச் செய்த விதம் அழகு. இரண்டாம் பாகத்தின் கடைசிப் போரில் உங்கள் குழுவில் யார் வேண்டுமானாலும் சாகலாம். அதனால் அடுத்த பாகத்தில் பலருக்கும் ஒரு மாற்று ஆள் வைத்தார்கள். விஞ்ஞானி மோர்டின் இறந்திருந்தால் பேடோக் விக்ஸ் என்று இன்னொரு விஞ்ஞானி வருவார். முதல் பாகத்திலேயே ரெக்ஸை இழந்திருந்தால் அவர் இடத்தில் ரீவ். வேலை அதேதான், ஆள்தான் வேறு. இதற்கு ஒரு விலையும் இருந்தது. இரண்டாம் பாகத்தில் புதிதாகச் சேர்ந்த யாரும் மூன்றாம் பாகத்தில் நிரந்தரமாகக் கூட வருவதில்லை. சிறு வேடத்தில் தலைகாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சாகக்கூடியவரை நம்பிக் கதையின் நடுத்தூணைக் கட்ட முடியாது அல்லவா?

ஆனால் மூன்றாம் பாகத்தின் முடிவில் தெருக்கள் சேரவே இல்லை. ரீப்பர் என்ற எதிரி இயந்திரங்களை அழிக்கலாம், அப்போது செயற்கை அறிவு எல்லாமே சேர்ந்து அழியும். அவற்றைத் தன் கட்டுப்பாட்டில் எடுக்கலாம், ஷெப்பர்டின் உடல் கரைந்து, அவர் நினைவு மட்டும் இயந்திரத்துக்குள் போகும். உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலக்கலாம், பிரபஞ்சத்தில் எல்லோர் மேலும் பச்சை ஒளி ஓடும். ரசிகர்கள் கொதித்துப்போய்க் கேட்டதற்குப் பிறகு, 2012 ஜூனில் இலவசமாக வந்த நீட்டிப்பில் நாலாவதாக ஒன்றும் சேர்ந்தது: எதையுமே தேர்ந்தெடுக்காமல் மறுப்பது. அப்படிச் செய்தால் எல்லோரும் தோற்று அழிகிறார்கள்.

இப்படி மாட்டிக்கொண்ட மற்றவர்கள் என்ன செய்தார்கள்? நான் பார்த்த வரைக்கும் நாலு வழி.

ஒன்று, ஊரை விட்டே போவது. பயோவேரே 2017-ல் 'ஆண்ட்ரோமெடா'வில் செய்தது இது. அறுநூறு வருஷம் தள்ளி, வேறொரு விண்மீன் மண்டலத்துக்குக் கதையைக் கொண்டுபோனார்கள். பழைய முடிவுகளைத் தொடவே வேண்டியதில்லை. பழைய ஆட்களும் இல்லை.

இரண்டு, எல்லாமே நடந்தது என்பது. 'டியஸ் எக்ஸ்' (2000) விளையாட்டுக்கு மூன்று முடிவு. 2003-ல் வந்த அடுத்த பாகம் மூன்றையும் பிசைந்து ஒன்றாக்கியது. யாருடைய முடிவும் பொய்யாகவில்லை, யாருடையதும் முழு உண்மையாகவும் இல்லை.

மூன்று, சத்தம் போடாமல் திருப்பிக் கொண்டுவருவது. 'டிராகன் ஏஜ்' முதல் பாகத்தில் லெலியானாவை நீங்கள் கொன்றிருக்கலாம். 2014-ல் வந்த மூன்றாம் பாகத்தில், கொன்றவர் ஆட்டத்திலும் அவர் முன்னால் வந்து நிற்கிறார். விளக்கம் ஒன்று சொல்கிறார்கள். ஆனாலும் 'அப்ப நான் செய்ததுக்கு என்ன மரியாதை?' என்று தோன்றாமல் இருக்காது.

நான்கு, ஒரு கிளையைப் பிடித்துக்கொள்வது. 'விட்சர் 3' (2015) முடிவில் சிரி விட்சர் ஆகலாம், பேரரசி ஆகலாம், திரும்பாமலும் போகலாம். 2024 டிசம்பரில் வந்த 'விட்சர் 4' முன்னோட்டத்தில் சிரிதான் நாயகி, விட்சராக.

இனி ஷெப்பர்ட் கணக்கைப் போடுவோம். 2020 டிசம்பர் முன்னோட்டத்தில், பனிமலையில் ஷெப்பர்டின் பிரிவு அடையாளமான 'என்7' பொறித்த உடைந்த கவசத் துண்டு ஒன்றை லியாரா கையில் எடுக்கிறார். லியாராவைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். அவர் இனத்தார் ஆயிரம் வருஷம் வாழ்பவர்கள், முதல் பாகத்தில் அவருக்கு வயது 106. இரண்டாம் பாகத்தின் மரணப் போருக்கும் அவர் வரவில்லை. அதனால் ஏறக்குறைய எல்லோருடைய ஆட்டத்திலும் கடைசி வரை உயிரோடு இருந்தவர்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்றாலே மறுப்பு முடிவு கழிந்துவிட்டது. அவர் மேல் பச்சை ஒளி இல்லை, எனவே கலப்பு முடிவும் சந்தேகம். மிச்சம் கட்டுப்பாடும் அழிப்பும். போதுமான படைபலம் சேர்த்துவிட்டு அழிப்பைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும், கடைசியில் இடிபாடுகளுக்குள் கவசம் அணிந்த ஓர் உடல் மூச்சை இழுக்கும் சில விநாடிக் காட்சி உண்டு. உடலோடு மிஞ்சும் ஷெப்பர்ட் அவர் ஒருவர்தான். ஆக, அவர் வருவதென்றால் கதவு அந்தப் பக்கம்தான் திறந்திருக்கிறது. பயோவேர் பின்னர் வெளியிட்ட போஸ்டரில் ஒரு பள்ளம், அழிப்பில் அழிந்திருக்க வேண்டிய கெத் இயந்திரத்தின் தலை மாதிரி தெரிகிறது என்று ரசிகர்கள் குழம்பியதும் உண்டு. அது சரியென்றால் இரண்டாவது வழிக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

என் அனுமானம் இது: ஷெப்பர்ட் பெயராக, நினைவாக, ஒருவேளை ஒரு குரலாக வருவார். நாம் ஓட்டும் நாயகராக வருவது கஷ்டம். வந்தால் எந்த முகம், எந்தக் குரல், யாரைக் காதலித்தவர், ரெக்ஸைக் காப்பாற்றியவரா விட்டவரா என்று ஆயிரம் கேள்வி வரிசையில் நிற்கும்.

பலரும் 'வரணும், வந்தே ஆகணும்' என்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த ஆசைக்கு யார் விலை கொடுப்பது என்று பார்க்க வேண்டும். அழிப்பைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது பரிசு. கெத் இனம் பிழைக்கட்டும் என்று கலப்பைத் தேர்ந்தெடுத்து, தன் ஷெப்பர்ட் சாவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, 'உன் ஆட்டம் கணக்கில் இல்லை' என்ற பதில். சினிமாவில் ஒரு பாத்திரம் திரும்பி வந்தால் இயக்குநர் தன் முடிவை மாற்றுகிறார். இங்கே மாற்றப்படுவது நம் முடிவு. 'நீதான் தீர்மானிக்கிறாய்' என்று நூறு மணி நேரம் சொல்லிவிட்டு அதை மாற்றுவதானால், குறைந்தபட்சம் ஆட்டத்தின் ஆரம்பத்தில் 'உங்கள் ஷெப்பர்ட் என்ன செய்தார்?' என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பதிலுக்கு ஏற்ப நாலு வசனம் மாறினால்கூட எனக்குப் போதும்.