ஒரு போன், நாற்பது அட்டைகள்

வகுப்பறைக்குள் இணையம் வர வேண்டுமென்றால் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு டேப்லெட் வேண்டும், சுவரை அடைத்துப் பெரிய திரை வேண்டும், அறுந்துபோகாத நெட் வேண்டும் என்றுதான் பயிற்சிக் கூட்டங்களில் பேசிக்கொள்கிறார்கள். கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து, முதல் கல்வியாண்டை முடித்திருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. காலையில் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் அட்டென்டன்ஸ் போடும் அதே போனும் ஒரு பழைய புரொஜெக்டரும் போதும்.

வீடியோவைச் சொல்லவில்லை. 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளம், 2019இல் வந்த கல்வித் தொலைக்காட்சி, 2023இல் வந்த மணற்கேணி செயலி என்று பாடக் காணொளிகள் தமிழிலேயே குவிந்து கிடக்கின்றன. போட்டுவிட்டால் வகுப்பு கப்சிப். வராந்தாவில் போகிறவர்களுக்கு அந்த அமைதி பிடித்துப்போகும். உள்ளே யாருக்கு என்ன புரிந்தது என்பது மட்டும் தெரியாது. எனக்கு இணையம் உதவியது அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மின்கலம், தொடர் இணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். எது அதிக வெளிச்சமாக எரியும்? முதல் பல்பு, இரண்டாவது, இரண்டும் சமம், எதுவும் எரியாது என நான்கு விடைகளைப் போர்டில் எழுதிவிட்டுக் கை தூக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பது ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் பெஞ்சில் நன்றாகப் படிக்கிற பிள்ளை எதற்குக் கை தூக்குகிறதோ அதற்கே மொத்த வகுப்பும் தூக்கும்.

இதற்குத்தான் பிளிக்கர்ஸ் என்கிற வினாடி வினாச் செயலி. தளத்திலிருந்து அட்டைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். 40 பேருக்கு ஒரு தொகுப்பு, 63 பேருக்கு ஒரு தொகுப்பு உண்டு. ஒவ்வொரு அட்டையிலும் கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு உருவம், அட்டை எண்ணுக்கு ஏற்ப வேறுபடும். நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்தில் இருக்கும். எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை வகுப்பு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். பக்கத்து அட்டையைப் பார்த்து விடை சொல்வதும் நடக்காது. பிள்ளைகளிடம் போன் தேவையே இல்லை. அட்டையை லேமினேட் மட்டும் செய்யாதீர்கள், வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் கேமரா படிக்காது. சார்ட் அட்டையில் ஒட்டினால் போதும்.

அன்று பாதிக்கும் மேற்பட்டவர்கள் முதல் பல்பு என்றார்கள். ஏன் என்று கேட்டேன்.

“கரன்ட் மொதல்ல அங்கதான மிஸ் வருது? அது எடுத்தது போக மிச்சம்தான் அடுத்ததுக்கு” என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

வாய்க்கால் பாசனம் பார்த்து வளர்ந்தவன். தலைமடை குடித்தது போகத்தான் கடைமடைக்குத் தண்ணீர் என்பது அவனுக்கு அனுபவ பாடம். பல்பில் மின்னோட்டம் தீர்ந்துபோகிறது என்கிற இந்த எண்ணம் அவனுக்கு மட்டும் உரியதுமில்லை. உலகம் முழுக்க இயற்பியல் ஆசிரியர்கள் சந்திப்பது இது. ஓம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற பிள்ளைக்குள்ளும் இருக்கும், வீடியோ ஓடினால் அதன்பாட்டுக்கு உள்ளேயே இருந்துவிடும்.

விடையைச் சொல்லாமல், மாற்று விடை சொன்ன ஒருவரைப் பிடித்து வாதாடச் சொன்னேன். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்திலிருந்து செய்துவரும் முறை: முதலில் தனியாக விடை, பிறகு பக்கத்திலிருப்பவரோடு பேச்சு, மறுபடி விடை. ஒரே இரைச்சல். பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டாம் சுற்றில் ‘சமம்’ கூடியிருந்தது. முதல் பல்புக் கட்சி முழுதாகக் கலையவில்லை.

அதன்பிறகுதான் ஃபெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சிமுலேஷன் தொகுப்பு. காசு கிடையாது, தமிழிலும் பல கிடைக்கின்றன. எனக்குப் பெரிய வசதி, கோப்பை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். மழை வந்தாலே டவர் போகிற ஊரில் இதன் அருமை தெரியும்.

திரையில் மின்கலம், ஒயர், இரண்டு பல்பு. எலக்ட்ரான்கள் நீல உருண்டைகளாக நகர்கின்றன. முதல் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகம். கடைசி பெஞ்சுக்காரனையே அழைத்து ஒயரைப் பிரிக்கச் சொன்னேன். “அத்தனையும் ஒண்ணா நிக்குது மிஸ்!” பல்பில் வெளிச்சமாகவும் வெப்பமாகவும் போவது ஆற்றல், மின்னோட்டம் குறைவதில்லை என்று நான் சொல்ல வேண்டிய பாடம் அதற்குப் பிறகு சில நிமிடங்களில் முடிந்தது.

மறுநாள் நிஜ டார்ச் பல்புகளை வைத்துச் செய்தோம். ஒரே கடையில் வாங்கியவைதான், ஆனாலும் ஒன்று சற்று மங்கல். முதல் பல்புக் கட்சிக்கு உயிர் வந்தது! பல்புகளை இடம் மாற்றிப் போட்டதும் மங்கலும் கூடவே இடம் மாறியது. கோளாறு பல்பில் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். இந்தச் சண்டை திரையில் கிடைக்காது. சிமுலேஷனோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் இதை இழக்கிறார்கள்.

எல்லாத் தொழில்நுட்பமும் எனக்கு ஒத்துவரவில்லை. கஹூட் என்கிற இணைய வினாடி வினாவுக்குப் பிள்ளைகள் கையில் கருவி வேண்டும். ஹை-டெக் லேபில் நேரம் கிடைத்து நடத்தினாலும், சீக்கிரம் அழுத்துகிறவர்க்கே அதிக மதிப்பெண் என்பதால் யோசிக்கிற பிள்ளை பின்தங்கிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்புவதும் இல்லை. 2021இல் வெளியான ஏசர் (ASER) கல்வி ஆய்வு, நாட்டின் கிராமப்புறங்களில் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளில் 67.6 சதவீதத்தில் ஸ்மார்ட்போன் இருப்பதாகச் சொன்னது. அந்த வீடுகளிலும் சுமார் கால்வாசிப் பிள்ளைகளின் கைக்குப் போன் வரவில்லை என்றது அதே ஆய்வு. எங்கள் ஊரில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்புகிறது.

பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ எந்தத் தளத்திலும் ஏற்றுவதில்லை, வரிசை எண் மட்டும்தான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்பதைப் புதிதாகச் சேர்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, வினாத்தாள் தயாரிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2018-19 முதல் வந்த பாடநூல்களில் பல பாடங்களின் முடிவில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. ஃபெட், கணிதத்துக்கான ஜியோஜீப்ரா போன்றவற்றைப் படிப்படியாகச் செய்து பார்க்கச் சொல்லும் நல்ல பகுதி. தேர்வில் வராது என்பதால் ஆசிரியரும் மாணவரும் அதைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். பொதுத்தேர்வில் ஆண்டுக்கு ஓர் இரண்டு மதிப்பெண் வினாவையாவது, மனப்பாடம் செய்து எழுத முடியாதபடி, அதிலிருந்து கேளுங்கள். அடுத்த ஜூனிலேயே எல்லாப் பள்ளிகளிலும் அதை நடத்தத் தொடங்கிவிடுவார்கள்.