யு.பி.எஸ். இருந்தும் மெஷின் போச்சே!

"யு.பி.எஸ். இருந்துச்சே, அப்புறம் எப்படிடா போச்சு?"

மாமா கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. எலெக்ட்ரிக்கல் படிக்கிற பையன் என்று வீட்டில் பெருமை வேறு! 2023 ஐப்பசியில் ஒரு மாலை, ஒரே ஒரு இடி. மாமாவின் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், கேபிள் வழி வரும் இன்டர்நெட் பெட்டி மூன்றும் காலி. கடன் வாங்கிப் போட்ட கடை. யு.பி.எஸ். மட்டும் எதுவுமே நடக்காதது போல 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டிருந்தது. அதன் பிறகு நான் தேடித் தெரிந்துகொண்டதையே இங்கு நண்பர்களுக்கு எழுதுகிறேன்.

கரண்ட் இரண்டு விதமாகக் கெடுக்கும். வராமல் கெடுப்பது ஒன்று, அளவுக்கு மீறி வந்து கெடுப்பது இன்னொன்று. யு.பி.எஸ். முதலாவதற்காகப் பிறந்தது. கடைகளில் சாதாரணமாக விற்கும் ஆஃப்லைன் யு.பி.எஸ்.ஸில், கரண்ட் இருக்கும்வரை லைன் ஒரு ரிலே வழியாக நேராகவே கம்ப்யூட்டருக்குப் போகிறது. கரண்ட் நின்றால்தான் ரிலே பேட்டரி பக்கம் தட்டும். அதற்கு 4 முதல் 10 மில்லி செகண்ட் ஆகும். நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் ஒரு சைக்கிள் 20 மில்லி செகண்ட். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள கெப்பாசிட்டர் அந்த இடைவெளியைத் தாங்கிவிடும். ஸ்கிரீன் கண் சிமிட்டக்கூடச் செய்யாது.

ஆனால் இடியால் வரும் சர்ஜ் வேறு ஜாதி. சோதனைக்கூடங்களில் அதற்கு வைத்திருக்கும் அளவு 8/20 அலை. 8 மைக்ரோ செகண்டில் உச்சம், 20 மைக்ரோ செகண்டில் பாதி. ரிலே தட்டுகிற 4 மில்லி செகண்டுக்குள் இப்படி 200 சர்ஜ் வந்து போய்விடலாம்! ஆன்லைன் யு.பி.எஸ். இதைவிட நல்லதுதான். ஆனால் ஓவர்லோடிலோ பழுதிலோ அது பைபாஸுக்குப் போனால், அதுவும் வெறும் ஒயர்தான்.

சர்ஜை எதிர்த்து நிறுத்த முடியாது, வழிதான் மாற்றிவிட வேண்டும். ஊருக்குள் லாரி வராமலிருக்க பைபாஸ் ரோடு போடுகிறோமே, அதே கதை. அந்த வேலையைச் செய்வது எம்.ஓ.வி. என்கிற ஸிங்க் ஆக்ஸைடு வில்லை. 230 வோல்ட்டில் 'நான் இங்கேயே இல்லை' என்பது போல மெகா ஓம் ரெஸிஸ்டன்ஸோடு சும்மா இருக்கும். வோல்டேஜ் எகிறினால் ஒரு மைக்ரோ செகண்டுக்கும் குறைவான நேரத்தில் கண்டக்டராக மாறி, கரண்டைத் திருப்பி அனுப்பிவிடும். சர்ஜ் போனதும் பழைய நிலைக்கு வந்துவிடும். (கடையில் ஸ்பைக் கார்டு என்று தருவதில் பல, லைட்டு வைத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான். உள்ளே வில்லையே கிடையாது.)

எங்கே திருப்பி அனுப்பும்? எர்த்துக்கு. இங்கேதான் மாமா கடையின் மர்மம் இருந்தது. எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரைத் தாண்டி, பின்பக்கம் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் அது இரும்புக் குழாய். நடுவில் எப்போதோ பி.வி.சி. மாற்றிவிட்டார்கள். எர்த் ஒயர் பிளாஸ்டிக்கில் போய் முடிந்திருந்தது! சர்ஜுக்குப் போக வேறு வழியில்லை. கேபிள் ஒயரும் கரண்ட் ஒயரும் சந்திக்கிற இடம் இன்டர்நெட் பெட்டியும் கம்ப்யூட்டரும்தான், ஆகவே அவற்றின் வழியே போயிருக்க வேண்டும். இரண்டு ஒயருக்கும் எர்த் ஒன்றாக இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கியிருக்கும், நடுவில் பெட்டி மாட்டியிருக்காது.

எர்த் இருந்தால் மட்டும் போதுமா என்றால், ஒயரின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் ஒயருக்கு சுமார் 1 மைக்ரோ ஹென்றி. சர்ஜ் கரண்ட் மைக்ரோ செகண்டுக்கு 100 ஆம்பியர் ஏறினால் மீட்டருக்கு 100 வோல்ட். 10 மீட்டர் ஒயரில் 1000 வோல்ட் நின்றுவிடும், வில்லை ஒழுங்காக வேலை செய்தும்! அதனால் மெயின் போர்டிலேயே டைப் 2 எஸ்.பி.டி.யை, ஒயரைச் சுருட்டாமல் குட்டையாக இணைக்க வேண்டும். கட்டடத்தின் மேலேயே இடி விழுந்தால் இதுவும் தாங்காது. அதற்கு இடிதாங்கியும் டைப் 1-ம் வேண்டும்.

இன்னொரு வில்லன் நியூட்ரல் கட். போஸ்டில் நியூட்ரல் போனால் சிங்கிள் ஃபேஸ் வீட்டில் 400 வோல்ட் வரைக்கும் ஏறி அப்படியே நிற்கும். மைக்ரோ செகண்டுக்காகச் செய்த வில்லை இதில் கருகிவிடும். இதற்கு வோல்டேஜ் ஏறினால் லைனையே துண்டிக்கிற ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் வேண்டும். ஆக, ஒன்றின் வேலையை இன்னொன்றால் செய்ய முடியாது. காசு குறைவு என்றால் முதலில் எர்த், அப்புறம் எஸ்.பி.டி.யும் கட்-ஆஃபும், கடைசியில் யு.பி.எஸ். இது என் கட்சி. கடைக்காரர்கள் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

மாமா கடைக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் போட்டோம். லேபில் எர்த் டெஸ்டர் பிராக்டிகலை ஏனோதானோ என்று செய்தவன், அன்று மூன்று தடவை அளந்து பார்த்தேன். எம்.ஓ.வி.க்கும் வயசாகும். எஸ்.பி.டி.யில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. பச்சையாக இருந்தால் சரி, சிவப்பானால் மாற்ற வேண்டும். இப்போதெல்லாம் இடி இடித்தால் மாமா முதலில் அதைப் போய்ப் பார்க்கிறார். கேபிள் ஒயரைப் பிடுங்கத்தான் இன்னும் மறந்துபோகிறார்.